முள்ளை நகர்த்திய புதன்கிழமை

தம்பி,

மகன் புதிதாக ஒரு டெலிபோன் வாங்கி வந்திருக்கிறான். கம்பி கிடையாது, கையில் எடுத்துக்கொண்டு கொல்லை வரைக்கும் நடந்தபடியே பேசலாம். மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஒங்க மருமக அவங்கம்மாகிட்ட பேசுனதெல்லாம் எங்க ரேடியோல கேட்டுச்சுலா ஆண்ட்டி" என்று சிரித்தாள். பேசியது என்னைப் பற்றித்தான் போலிருக்கிறது, மருமகளுக்கு முகம் வெளிறிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்கார் ஆராங்கில் இந்த வரிசை வீட்டு வாசலில், நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, உன் நினைவுதான் வந்தது.

பாடாங் மேஹா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் நமக்கு இரண்டு வீடு. நடுவில் பலகைச் சுவர். நீ இருமினால் எனக்குக் கேட்கும். ஜப்பான்காரன் வந்து ரப்பர் ஆலை நின்றுபோக, ஆலை என்ஜினை ஓட்டிக்கொண்டிருந்த நீ மரவள்ளிக்கு மண் வெட்டினாய். தோட்டத்துக் கிராணியான என் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில் பாதை போடும் இடத்துக்குக் கணக்கெழுத என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கடுதாசி இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பது கூடத் தெரியாமல் நான் அடுப்பு மூட்டிய நாட்கள் அவை.

அப்போதுதான் நீ அந்த ரேடியோவைப் பற்றிச் சொன்னாய். ரேடியோ வைத்திருப்பவர்கள் ஒப்படைக்கவேண்டும் என்று ஜப்பான்காரன் சொன்னபோது உடைந்த ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு, நல்லதை நீ வைத்துக்கொண்டிருந்தாய். நான் பயந்தேன். ஆனால், "சயாம் பக்கம் என்னா நடக்குதுன்னு அதுல சொல்லுவானாடா?" என்று கேட்டதும் நான்தான். எனக்காகத்தான் அதை நீ மறுபடி வெளியே எடுத்தாய்.

அதற்கு முன் ஒரு காலை முழுக்க, வீட்டுச் சாமான்களில் எது எதைக் காட்டிக்கொடுக்கும் என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். என் தையல் மிஷின் சத்தம் ரோட்டுக்குக் கேட்டால் வீட்டில் பொம்பளை இருப்பது தெரிந்துவிடும், அதை மூடு என்றாய். டார்ச் லைட்டைப் பார்த்தால் யாருக்கோ சைகை காட்டுகிறோம் என்பான் என்று கிணற்றில் போட்டாய். புத்தம் புது லைட்டு. இரண்டு நாள் உன்னைத் திட்டித் தீர்த்தேன். ரேடியோவை அரிசிப் பெட்டியில் ஒளிக்கலாம் என்று நான் சொன்னதற்கு, "நல்ல யோசனக்கா, பசியில இருக்கிறவன் மொதல்ல அதத்தான் தொறப்பான்" என்று கிண்டல் செய்தாய். கடைசியில் அது விறகடுக்குக்குப் பின்னால் போனது. ஏரியல் கம்பி, என் ஈரச் சேலை காயும் கொடியானது.

மிச்சம் இருந்தது என் சுவர்க் கடிகாரம். எல்லாக் கடிகாரமும் ஒன்றரை மணி முன்னால் போய் தோக்கியோ நேரம் காட்டவேண்டும் என்பது உத்தரவு. நான் மாற்றவில்லை. ராகுகாலம் பார்க்க எனக்குப் பழைய நேரம் வேண்டும். டில்லி ரேடியோவின் மூன்று மணிச் செய்தியைப் பிடிக்க உனக்கும் அதுவே வேண்டும். உன் கைக்கடிகாரத்தைப் பாலத்தில் ஒரு சிப்பாய் முன்பே பிடுங்கிக்கொண்டுவிட்டான். மதியம் சாப்பிட்டுப் படுப்பாய். பலகைக்கு இந்தப் பக்கம் என் கடிகாரம் மூன்று அடித்ததும் எழுந்து ரேடியோப் பெட்டியைத் திருப்புவாய். புதன்கிழமை ஆள் கணக்கெடுக்க வருகிறவர்களும் பழைய நேரம் இரண்டுக்குள் போய்விடுவார்கள். கடிகாரத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் ராகுகாலம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாய். சரியாகத்தான் எடை போட்டிருந்தாய்.

அந்தப் புதன்கிழமை கணக்கெடுக்க வந்த நம் தமிழ் ஆளே கடிகாரத்தைப் பார்த்துவிட்டான். வாசலில் இரண்டு சிப்பாய்கள். "இன்னும் வெள்ளக்காரன் நேரமாம்மா?" என்றான். ராகுகாலம் என்றேன். சிரித்தான். "எனக்குப் புரியிது, அவனுக்குப் புரியாது. மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசை லயத்து வீடுகளுக்குப் போனான்.

முக்காலி போட்டு ஏறி, பன்னிரண்டரையில் இருந்த முள்ளை இரண்டுக்குத் தள்ளினேன். நடுவில் அது மணி அடித்து உன் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்று சுத்தியலை விரலால் பிடித்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லவேண்டும் என்ற நினைப்பு இருந்தது. ஆனால் ராகுகாலம். புதனுக்குப் பன்னிரண்டு முதல் ஒன்றரை. அப்படியானால் புது முள்ளுக்கு மூன்று வரை. மூன்று அடித்ததும் எழுந்து போய்ச் சொல்லலாம் என்று அடுப்படிக் குசினியில் மரவள்ளியை உரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ராகுவுக்குக் கணக்குப் போட்ட புத்தி உனக்குப் போடவில்லை, தம்பி.

மூன்று அடித்தது. நான் வாசலுக்கு வருவதற்குள் பலகைக்கு அந்தப் பக்கம் ரேடியோ கீச்சிட்டது. பழைய நேரம் ஒன்றரைதான், செய்தி வரும் நேரம் இல்லையே, எங்கே கிடைக்கும்? கிடைக்காததால் நீ இன்னும் சத்தமாக வைத்துத் தேடினாய். சிப்பாய்கள் எதிர் லயத்தில்தான் நின்றார்கள்.

உன்னை இழுத்துக்கொண்டு என் வாசலைக் கடந்தபோது நீ என்னைப் பார்த்தாய். பயம் கூட இல்லை உன் முகத்தில், குழப்பம்தான். "மூணுதானக்கா அடிச்சிச்சு?" என்று கேட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடித்தது தப்பு, உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் என்னையும் பிடிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். விசாரிக்க என்று சுங்கைப் பட்டாணி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். என் பெயரை நீ கடைசி வரை சொல்லவில்லை என்பது, யாரும் என்னைத் தேடி வராததால் எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். நீ வரவில்லை. உன்னைக் கேட்டார். ரேடியோ கேட்டு மாட்டிக்கொண்டாய் என்றேன். "நேரங்காலம் தெரியாம பெட்டியத் திருப்பிட்டான் பாவி" என்று சாகிறவரைக்கும் வருத்தப்பட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு நாளும் மறுத்துப் பேசவில்லை. தோட்டத்திலும் அப்படித்தான் சொன்னார்கள், அவசரக்காரன் என்று. அந்தப் பெயரை உன் மேல் ஏற்றிவிட்டு நான் பிள்ளைகள் பெற்று, வீடு கட்டி, மருமகள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று என் மகனை உட்கார வைத்து முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். உன் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லாமல் இருக்கிறேன். மூன்றுதான் அடித்தது, தம்பி. நீ சரியாகத்தான் எண்ணினாய்.