இருபத்திரண்டு இலை வீடுகள்

மார்ச் 3, திங்கள்

தவளை 41. ஓடையில் தண்ணீர் ஒரு சாண் இறங்கிவிட்டது. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

நாத்தனார் வந்து இன்றோடு ஒரு மாதம். காட்டுக்குள் இருக்கும் இந்த ஆராய்ச்சி நிலையத்தில் எட்டு வருஷமாகத் தவளை எண்ணுகிறேன். எனக்கென்று ஒரு அறை, ஒரு மேசை, ஒரு ஜன்னல் இருந்தது. இப்போது எல்லாவற்றிலும் பாதி. சிலந்திகளைப் பற்றி ஆராய ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்து வந்திருக்கிறாள், என் கணவரின் தங்கை. "நம்ம தங்கச்சிதானே, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ" என்று அவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு போனில் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, அவர் மேசையா போனது?

மேசைக்கு நடுவே கறுப்பு டேப் ஒட்டினேன். அந்தப் பக்கம் சிலந்தி, இந்தப் பக்கம் தவளை. அதற்கெல்லாம் அசருகிறவளா அவள்? மத்தியானம் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு உங்க ஆளு ஒருத்தர் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். இன்னும் திரும்பல."

41 இல்லை. 40.

மார்ச் 5, புதன்

தவளை 33.

அவளுடைய சிலந்தி வலை கட்டாது. பக்கத்துப் பக்கத்து இலை இரண்டை ஓரத்தில் இழையால் தைத்து, ஒரு பக்கம் மட்டும் வாசல் விட்டு, உள்ளே பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். உச்சி வெயிலில் என் கட்டைவிரல் நகம் அளவுத் தவளை நிழல் தேடி உள்ளே போகும். அவ்வளவுதான் கதை. இக்கரையில் இப்படி மூன்று வீடு. அக்கரையை மாதத்துக்கு ஒரு முறைதான் பார்ப்பாள். போன மாதம் அங்கே ஒன்றுகூட இல்லை.

"சிலந்திக்கு எவ்வளவு மூளை பாருங்க அண்ணி."

"என் தவளைக்கு நல்ல மனசு. யார் கூப்பிட்டாலும் போகும்."

"கூப்பிடவே வேணாம். அதுவா வருது."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இதற்கெல்லாம் இடம் கொடுக்கக் கூடாது.

மார்ச் 7, வெள்ளி

தவளை 26. காய்ந்த இலைமேல் மூன்று செத்துக் கிடந்தன, சருகாக.

இன்று ஒரு காரியம் செய்தேன். இங்கே மட்டும் எழுதுகிறேன். தையல் பெட்டியிலிருந்து பச்சை நூல் எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனேன். அங்கேதான் சிலந்தி வீடு இல்லையே. தவளைக்கு நிழலாகட்டும் என்று இரண்டிரண்டு இலையாகச் சேர்த்துத் தைத்தேன். வீட்டுக்கு ஆறு தையல். பதின்மூன்று முடிந்ததும் விரல் நுனி எரிந்தது. மீதி ஒன்பதுக்கு மூன்று மூன்று தையலோடு விட்டுவிட்டேன். மொத்தம் இருபத்திரண்டு. நம்பர் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எண்ணுகிறவள் எதையும் தொடக் கூடாது. தெரியும். அவளுக்கே முதல் நாள் நான்தான் பாடம் எடுத்தேன். ஆனால் கண்முன்னால் கருகுகிறதே, என்ன செய்ய?

மார்ச் 11, செவ்வாய்

என் வீடுகளில் குடி வந்துவிட்டார்கள். பதினொரு பேர். ஒருவர் வாசலில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு, வாடகைக்கு வந்தவர் மாதிரி பவ்யமாக உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பாட்டு முணுமுணுத்தேனாம். "என்ன அண்ணி, அண்ணன் வர்றாரா?" என்று கேட்டாள்.

மார்ச் 16, ஞாயிறு

நாசமாய்ப் போச்சு.

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கரைக்குப் போனவள் முழங்கால் வரை சேறோடு ஓடி வந்தாள்.

"அண்ணி, அக்கரையில சிலந்தியோட ஒன்பது வீடு. போன மாசம் ஒண்ணுகூட இல்ல. வெயில் ஏற ஏற சிலந்தி வீடு கட்டுறது கூடுது. இதை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

தட்டை நகர்த்தி வைத்தேன். அவள் குளிக்கப் போனதும் போய்ப் பார்த்தேன். ஒன்பதிலும் சிலந்தி. என் பச்சை நூல்மேலேயே இழை ஓட்டி வேலையை முடித்திருக்கின்றன. ஒரு வாசலில் குட்டியாக ஒரு பின்னங்கால் தொங்கியது. இலையைத் தொடாமல் தள்ளி நின்று படம் எடுக்கிறவள், நூலை எங்கே பார்த்திருப்பாள்? தொடாதே என்று சொல்லிக் கொடுத்ததும் நான். என் கையால் வீடு கட்டி, சாவியைச் சிலந்தி கையில் கொடுத்து, விருந்தாளியையும் உள்ளே அனுப்பியிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு, "நீயே சொல்லிடு. நான் சொன்னா ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் திட்டுவீங்க" என்றார். உதவிக்கு ஆள் பிடித்த லட்சணம்.

அவள் அறிக்கை எழுதுகிறாள். 24ஆம் தேதி அது தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதை வைத்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

அறிக்கையை நீட்டினாள். "தவளைக் கணக்கு சரிபார்த்தவர்னு இங்க ஒரு கையெழுத்து, அண்ணி."

"அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அக்கரை வீடெல்லாம் சிலந்தி தைக்கல. நான் தைச்சேன்."

சிரித்தாள். கிண்டல் என்று நினைத்துவிட்டாள். ஒன்றரை மாதமாகக் கிண்டலைத் தவிர வேறு பேச்சே பேசாததற்கு எனக்கு இது வேண்டும். நூல்கண்டை எடுத்து டேப்புக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

அதைக் கையில் எடுத்தாள். "எத்தனை?"

"இருபத்திரண்டு."

"தொடாதேன்னு சொன்னதே நீங்கதானே?"

"நான்தான்."

"என் வேலை போயிடும், அது தெரியுமா?"

தெரியும் என்றேன். அறிக்கையை மூடிவிட்டு வெளியே போனாள். பயமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது.

மார்ச் 21, வெள்ளி

தவளை 24.

"சாவி எங்க?" "ஃபேனை நிறுத்தலாமா?" நாள் முழுக்க இந்த இரண்டு கேள்விதான். இரண்டிலும் "அண்ணி" இல்லை. இத்தனை நாள் வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று உயிரை வாங்கியவள். அந்த ஒரு சொல் இல்லாமல் அறையே பெரிதாகிவிட்டது. எனக்குப் பழைய பாதி அறை போதும்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றாள்.

"தைச்சதை எழுதி வெச்சிருக்கீங்களா?"

வாயில் நுரையோடு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். டேப்மேலேயே விரித்து வைத்துக்கொண்டு அவள் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள்.

"ஒண்ணுலேர்ந்து பதிமூணு வரைக்கும் ஆறு தையல். அதுல சிலந்தியே இல்ல. பதினாலுலேர்ந்து மூணு தையல், வாசல் அகலம். அதுல மட்டும்தான் சிலந்தி. ஏன் மூணோட விட்டீங்க?"

"விரல் வலிச்சுது."

"இதுல பாருங்க. நீங்க தவளை பார்த்தது பதினொண்ணாம் தேதி. அப்ப உள்ள சிலந்தி இருந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல. இருந்தா நான் சும்மா வந்திருப்பேனா?"

"அப்போ முதல்ல தவளைதான் வந்திருக்கு. வீட்டை யார் தைச்சாலும் நிழலுக்கு வருது. வாசல் அகலமா இருந்தா பின்னாடியே சிலந்தி வருது. குறுகலா இருந்தா அதால நுழைய முடியல." பேனாவைக் கீழே வைத்தாள். "என் பழைய அறிக்கை குப்பை. இதை எழுதணும். நாளைக்குள்ள. நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். நீங்க இலையைத் தொட்டதையும்."

"எழுது. எனக்குத் திட்டு விழுந்தா விழட்டும்."

"நல்லா விழும், அண்ணி."

அண்ணி என்றாள். நான் நுரையைத் துப்பப் போகிறவள் மாதிரி வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானம் அக்கரைக்குப் போய் அந்த ஒன்பதுக்கும் மும்மூன்று தையல் கூடுதலாகப் போட்டோம். முதலில் அவள் ஒவ்வொரு சிலந்தியையும் குச்சியால் வெளியேற்றினாள். "மன்னிச்சுக்கடா, வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்று ஒவ்வொன்றிடமும் சொன்னாள். அவளுக்குத் தையல் சுத்தமாக வரவில்லை. அதைச் சொல்லிக் காட்டாமல் இருக்க முடியுமா?

மார்ச் 24, திங்கள்

அனுப்பிவிட்டாள். கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 12, சனி

மூன்று நாளாக மழை. தவளை 38. ஈரத்தில் கறுப்பு டேப் பாதி உரிந்து தொங்குகிறது. யாரும் திரும்ப ஒட்டவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதம். எனக்கு வந்தது திட்டு. ஒரு பக்கம், கணக்காக. அவளுக்கு நிரந்தரம் ஆகவில்லை. ஆனால் இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருந்து, தைத்த இலைகளை முறைப்படி சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு கேள்வி: அறிக்கையின் நான்காம் பக்கத்தில் "இலைகளைத் தைத்தவர்: அண்ணி" என்று இருக்கிறது, இவர் யார், பதவி என்ன, உடனே தெரிவிக்கவும்.

"ஆபீசுக்குப் போற அறிக்கையில அண்ணின்னா எழுதுவாங்க? ஒழுங்கா மாத்து" என்றேன்.

"அவசரத்துல கை அப்படியே எழுதிடுச்சு. மாத்த மாட்டேன்" என்று பதில் கடிதத்தை எழுதி, என் பக்கம் தள்ளினாள். "இவர் எனக்கும், ஓடையில் உள்ள முப்பத்தெட்டுத் தவளைகளுக்கும் அண்ணி ஆவார்."

முறை தெரியாதவள். தவளைகளுக்கு நான் அம்மா. அவள்தான் அத்தை.