கண் கட்டிய பெண்ணின் சீட்டு

தோட்டம்தான் உன்னைக் கொன்றது. ஆஸ்பத்திரி கொடுத்த துண்டுத்தாளில் எலிக்காய்ச்சல் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வரும் வழியில் உன் அம்மா எங்கள் வாசலில் நின்றார். சேலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்த பால்மா டின்னை என் கையில் கொடுத்தார். "இது எங்க வீட்டுல இருக்க வேணாம்மா. ஒனக்கு வேணும்னா வச்சுக்க, இல்லாட்டி ஆத்துல போட்டுரு" என்று சொல்லிவிட்டு, குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனார். மூடியைத் திறந்ததும் பால்மா வாசம். உன் பழைய பள்ளிக்கூடச் சட்டைத் துணியில் சுற்றிய டாரட் சீட்டுக் கட்டு உள்ளே அப்படியே இருந்தது. ராஜா, ராணி, வாள், கோப்பை, எல்லாவற்றிலும் பால்மா வாசம். நீ போன பிறகு நான் அழாமல் இருந்த இடங்கள் நிறைய. இந்த டின்னுக்கு முன்னால் முடியவில்லை.

கலவானவில், காட்டோரத்து கெஸ்ட் ஹவுஸில் நீ அறை துடைத்துக்கொண்டிருந்தபோது வந்த சீட்டு இது. அங்கே தங்கிய ஒரு வெள்ளைக்காரி, மழையில் வெளியே போக முடியாத நாட்களில் உன்னை உட்காரவைத்துச் சீட்டு விரித்துக் காட்டியிருக்கிறாள். போகும்போது சில சீட்டு தொலைந்துவிட்டது, இனிமேல் இது சரியாகச் சொல்லாது என்று கட்டைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டாள். நீ எடுத்துக்கொண்டு வந்தாய். "சீட்டு கொறஞ்சா அவளுக்கு எதிர்காலம் கொறஞ்சிருமாம்டி. நமக்கு எங்க இருந்துச்சு கொறைய" என்றாய். உன் அம்மா அதைச் சாத்தான் சாமான் என்று சொல்லி அடுப்பில் போட வந்தார். சாத்தான் வந்தால் நம் லயத்து வரிசை வீட்டுக் கூரைக்குத் தகரம் போட்டுத் தருவானா என்று கேட்டுப் பார்ப்போம் என்று நீ சொன்னதும், திட்டிக்கொண்டே சிரித்துவிட்டார்.

மைண்ட் மேப் வந்த கதை வேறு. இளைஞர்களுக்குப் பயிற்சி என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் நம்மைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து, பெரிய தாளும் கலர் பேனாவும் கொடுத்தார்கள். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் உங்கள் பிரச்சினை, அதிலிருந்து கிளை கிளையாகக் காரணங்களை வரையுங்கள், இதற்குப் பேர் மைண்ட் மேப் என்றார் வந்தவர்களில் ஒரு மிஸ். தீர்வு உங்களுக்குள்ளேயே இருக்கிறது என்றும் சொன்னார். நான் எழுந்து, எங்கள் லயத்தில் ஒழுகுகிற கூரை எனக்குள்ளேயா இருக்கிறது என்று கேட்டேன். மிஸ் சிரித்துச் சமாளித்தார். நான் வெளியே போய்விட்டேன். நீ கடைசிவரை இருந்து, தேநீரும் பனிஸும் சாப்பிட்டு, மிச்சத் தாளையும் பேனாக்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். கோபப்பட்டவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பொறுத்தவளுக்குப் பத்துப் பேனா என்று வழியெல்லாம் என்னைக் கேலி செய்தாய்.

சீட்டையும் மைண்ட் மேப்பையும் நீதான் சேர்த்தாய். யாரும் சொல்லித் தரவில்லை. நடுவட்டத்தில் ஒரு கேள்வி. அதில் 'நான்' என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். பிறகு கிளைகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பாய். ஒவ்வொன்றாகத் திருப்பி, "இந்தப் படத்துல நீ யாரு?" என்று மட்டும் கேட்பாய். சொன்ன பதிலை அந்தக் கிளையில் புதுக் கிளையாக வரைவாய். அவ்வளவுதான். லயத்துப் பெண்கள் அதைச் சிலந்தி என்றார்கள். மாமியாரோடு சண்டை, வெளிநாட்டுக்குப் போகலாமா வேண்டாமா, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடுவது, எல்லாவற்றுக்கும் ஞாயிறு பின்னேரம் உன்னிடம் சிலந்தி போட வந்தார்கள்.

இது சோசியம்தான், பேரை மாற்றிவிட்டாய் என்று நான் சண்டை போட்டேன். சோசியக்காரன் நடக்கப்போவதைச் சொல்வான், நான் யாருக்கும் ஒன்றும் சொல்வதில்லை, கேட்கிறேன், அவர்கள்தான் சொல்கிறார்கள் என்றாய். எனக்கு முழுதாக ஒப்பவில்லை. இன்றைக்கும் ஒப்பவில்லை. நடுவட்டத்தில் எப்போதும் நாமே உட்கார்ந்தால், நம்மை அங்கே உட்காரவைத்தவன் தாளுக்கு வெளியே தப்பித்துவிடுவான் என்று சொன்னேன். நீ கட்டைத் தேடி, கல் சிம்மாசனத்தில் தாடியோடு உட்கார்ந்திருக்கும் ராஜாவை எடுத்து என் முன்னால் வைத்தாய். "இந்தா, தொரை. இவரையும் உள்ள இழுத்துட்டேன், போதுமா?" அதிலிருந்து அந்தச் சீட்டுக்கு, தோட்டத்து மேலாளரைக் கூப்பிடுகிற மாதிரியே, பெரிய தொரை என்று பேராகிவிட்டது.

எனக்கும் ஒருமுறை போட்டாய். பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. மேலே விஞ்ஞானம் படிக்கத் தமிழில் பக்கத்தில் எங்கும் வழியில்லை. நான் கொழுந்து பறிக்கப் போக வேண்டுமா என்பது கேள்வி. பள்ளிக்கூடம் என்ற கிளையில் பெரிய தொரை வந்தார். இந்தப் படத்தில் நீ யார் என்றாய். சிம்மாசனத்துக்கு அடியில் கிடக்கிற கல் என்றேன், வெறுப்பில். "கல்லுன்னா கல்லாவே கெடக்காத, உருண்டு போ" என்றாய். அடுத்த மாதம் இரத்தினபுரியில் புடைவைக் கடை வேலைக்கு உருண்டு போனேன். சிங்களத்தில் விலை பேசி, தமிழில் திட்டு வாங்கி, நின்றே கால் வீங்குகிற வேலை. ஆனாலும் அது நான் போன வேலை.

உனக்கு அப்படி அமையவில்லை. சுற்றுலாக்காரர்கள் வராமல் கெஸ்ட் ஹவுஸைப் பூட்டினார்கள். நீ தோட்டத்தில் பேர் கொடுத்தாய். ஆண்கள் எல்லோரும் வெளி வேலைக்குப் போய்விட்டதால் கான் வெட்டவும் பெண்களையே விட்டார்கள். மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிற அந்தக் கானுக்குள், அடைத்துக் கிடந்த அழுக்குத் தண்ணீரில், முழங்கால் அளவுக்கு வெறுங்காலோடு நின்றாய். பூட்ஸ் கேட்டதற்கு, வரும் என்று கணக்கப்பிள்ளை சொன்னதாகச் சொன்னாய். கெஸ்ட் ஹவுஸ் வெள்ளைக்காரி போடுகிற சப்பாத்தா கேட்கிறாய் என்று கூட நின்றவர்கள் சிரித்ததையும் சொன்னாய்.

காய்ச்சல் வந்தபோது எனக்கு லீவு. நான்தான் உன்னைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனேன். உன்னால் நடக்க முடியவில்லை. கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாய். உன் கண்கள் இரத்தமாகச் சிவந்திருந்தன. இந்த மாவட்டத்தில் காய்ச்சலோடு கண் சிவந்தால் என்ன அர்த்தம் என்று பஸ்ஸில் கடலை விற்கிறவருக்கும் தெரியும். நாம் டாக்டர் ஐயா என்று கூப்பிடுகிற அந்த மனிதர் டாக்டர் இல்லை, ஆனால் அவருக்கும் தெரியும். மேசைக்குக் கீழே ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். கான் வெட்டப் போட்டால் உங்களுக்கு உடனே காய்ச்சல் வந்துவிடுகிறதே என்று சொல்லிக்கொண்டே பெனடோல் மாத்திரை அட்டையைத் தள்ளினார். காய்ச்சல் முற்றிய பிறகு பெரியாஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோனபோது, ஏன் இவ்வளவு சுணங்கினீர்கள் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். உன் அம்மா என்னைப் பார்த்தார். எங்கே தொடங்குவது?

இப்போது தோட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? நீ கான் வெட்டவே இல்லையாம். களவாக மாணிக்கக் குழியில் இறங்கினாயாம், காய்ச்சல் அங்கே பிடித்ததாம். கூட நின்ற பெண்களும் தங்களுக்கு ஞாபகம் இல்லை என்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது, பிறகு போய்விடுகிறது. அவர்களும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம். "எம்புள்ள குழிக்குப் போகலன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னா போதும்" என்கிறார்.

உன் சாவைப் பற்றி நாளைக்கு இரத்தினபுரியில் விசாரிக்கிறார்கள். டிஸ்பென்சரியில் உன்னோடு இருந்து, நீ கான் வெட்டியதை டாக்டர் ஐயா தன் வாயாலேயே சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான். நேற்று கணக்கப்பிள்ளை எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, மழையைப் பற்றிப் பேசி, போகும்போது அம்மாவிடம் லயத்துக்குப் பதிலாகக் கட்டித் தரப்போகிற தனிவீட்டுக்கு உங்கள் பேரும் இருக்கிறதல்லவா என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான் கேட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல வீட்டத் தரட்டும்டி. அதுக்கப்புறம் நீ தொரைக்கு முன்னாலயே போயி சொல்லு. நான் ஏன்னு கேக்க மாட்டேன்." அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்து வைத்தே அவருக்கு வயதாகிவிட்டது.

அதனால்தான் பின்னேரம் உன் பேனாக்களை எடுத்தேன். நம்பாதவள்தான், ஆனாலும் சிலந்தி போட்டேன். நடுவில் 'நான் நாளைக்குச் சொல்லவா?' என்று எழுதினேன். அம்மா, வீடு, உன் அம்மா, கடைசியில் டிஸ்பென்சரி என்று கிளைகள். அம்மாவின் கிளையில் பத்துத் தடிகளைச் சுமந்து குனிந்து நடக்கிற ஆள் வந்தான். வீட்டில் பெரிய தொரை, சிரிப்பு வந்தது. உன் அம்மாவின் கிளையில், கவிழ்ந்த கோப்பைகளுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிற கறுப்பு அங்கிக்காரர்.

டிஸ்பென்சரியில் அந்தப் பெண் வந்தாள். கையைக் கட்டி, கண்ணைக் கட்டி, சுற்றிலும் வாள் நட்டு வைத்திருக்கிற பெண். அந்தச் சீட்டு வந்தால் இது நான்தான் என்று சொல்லாத பெண் நம் லயத்தில் இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன், நீயும் சொல்லியிருக்கிறாய். இன்றைக்கும் என் வாயில் அதுதான் வந்தது. ஆனால் நிறைய நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கண் கட்டியிருக்கிறது. அவளுக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் உன் பக்கத்திலேயே நின்றேன், என் கண்ணை யாரும் கட்டவில்லை. இந்தப் படத்துல நீ யாரு என்று கேட்டாயே, நான் இந்தப் படத்தில் இல்லையடி. வெளியே நின்று பார்த்தவள்.

அதை அந்தக் கிளையில் எழுதினேன். நடுவட்டத்துக் கேள்வியை அடித்துவிட்டேன். பிறகு போய், நாளைக்குச் சொல்லத்தான் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே இருந்த பாத்திரத்தை எடுத்து ஊற்றிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

காலையில் முதல் பஸ். டின் வீட்டில் இருக்கும், ஆற்றுக்குப் போகாது. என்னோடு வருவது நீ டிஸ்பென்சரியில் சொன்ன ஒரே ஒரு வரி. அதை நான் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை, உன் அம்மாவிடம்கூட. பெனடோல் அட்டை மேசையில் கிடந்தது. நீ அதைத் தொடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உன் முகத்தை டாக்டர் ஐயாவின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாய்.

"ஐயா, என் கண்ணப் பாருங்க."

அவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீ இன்னொரு தடவையும் சொன்னாய்.

"என் கண்ணக் கொஞ்சம் பாருங்க ஐயா."