பரமேஸ் அக்காவுக்கு நான் சொன்ன முடிவு

வாய்நிறைய ‘அண்ணை’ என்று கூப்பிட வைத்துவிட்டுப் போன டெரிக் அண்ணைக்கு,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இனி அது ஒரு தடையாக இராது என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சும்மா சுகம் விசாரிக்கும் கடிதம் இல்லை இது. பிழை ஒன்று செய்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை.

முதலில் இங்கத்தைய புதினங்கள். நொய்கெல்ன் பகுதியில் இருந்த உங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். நிலக்கரி அடுப்பைக் கழற்றிக்கொண்டு போயாயிற்று. அந்த அடுப்போடு நீங்கள் காலையில் ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பது மூன்றாம் மாடிக் கிழவிக்கு மிகவும் பிடிக்குமாம், இப்போது வீடு செத்துப்போய்க் கிடக்கிறது என்று என்னிடம் குறைப்பட்டாள். உங்கள் புத்தகங்களை நாங்கள் சிலபேர் பங்கிட்டுக்கொண்டோம். அட்டையில் பச்சைப் பூதம் போட்ட நாவல் என் பங்குக்கு வந்தது. “பயப்படாதே, உள்ளே பூதம் ஒன்றுமில்லை, அது பதிப்பாளரின் ஆசை” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே, அதுதான்.

இந்தக் கடிதம் எங்கள் சஞ்சிகையில் வரப்போகிறது. ஆகவே உங்களைத் தெரியாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் தொழிற்சாலைப் புகைக்குள் பிறந்த மனிதர். சிப்பாயாகப் பேர்லினுக்கு வந்து, ஒரு ஜெர்மன்காரியைக் கட்டி, மனைவி செத்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே நின்றுவிட்டவர். காலையில் விண்வெளிக் கதை எழுதுவார், மாலையில் ஆங்கில வகுப்பு எடுப்பார். லண்டனில் புத்தகங்கள் வந்தன, ஒரு காலம் நன்றாகவே ஓடின, பிறகு கடைகள் அவரை மறந்துவிட்டன. அவருடைய கதைகளில் யாரும் எந்தக் கிரகத்தையும் பிடிப்பதில்லை. எங்கேயோ போய்க்கொண்டிருப்பார்கள், வீட்டிலிருந்து செய்தி வருமா என்று காத்திருப்பார்கள்.

பீட்சாக்கடைக் குசினியில் மாப் பிசைகிற நான், ஊரில் படித்த ஆங்கிலம் துருப்பிடித்துவிடக்கூடாது என்றுதான் உங்கள் வகுப்புக்கு வந்தேன். நீங்கள் அந்தக் கப்பல் கதையைத் தந்தீர்கள். பூமியைவிட்டுப் போகும் ஒரு கப்பல். அதில் ஒரு தாய். ஏறவேண்டிய மகன் ஏறவில்லை. வருசத்துக்கு ஒருமுறை கப்பலின் வானொலியில் அவனுடைய குரல் கேட்கும். கடைசி அத்தியாயத்தில்தான் தெரியவரும், அது அவன் எப்போதோ பதிந்துவைத்த குரல், அவன் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது என்று.

நான் அதைத் தமிழாக்கி, கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருக்க, எங்கள் சஞ்சிகையில் தொடராகப் போட்டேன். எங்கள் சனம் அதைக் கதையாகவா வாசித்தது? “அந்த வெள்ளைக்காரனுக்கு எங்கட கதையை ஆர் சொன்னது?” என்று பீட்சாக்கடைக்கே தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத காலத்தில் அவர் எழுதியது என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

எல்லோரையும்விட உருகி வாசித்தவர் பரமேஸ் அக்கா. உங்களுக்கு ஏலக்காய்த் தேநீர் போட்டுத் தந்து, சீனி போதுமா என்று சைகையில் கேட்பாரே, அவர்தான். இராணுவம் நெருங்குகிறது என்று யாழ்ப்பாணத்துச் சனம் முழுதும் ஒரே நாளில் வெளிக்கிட்டு நடந்தபோது, அக்கா இங்கே வந்தபின் சித்தப்பன் வீட்டில் நின்று படித்த அவருடைய மகன் நெரிசலில் தவறிப்போனான். சித்தப்பன் குடும்பம் வன்னிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பொடியனைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் இல்லை. காணாமற்போனவர்களைத் தேடும் அலுவலகம் ஒன்று இங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அக்கா அங்கே போக ஒரு டெர்மினும், அதுதான் அவர்களைச் சந்திக்க ஒரு நாளும், எடுத்து வைத்திருந்தார்.

அதனால்தான் அண்ணை, நீங்கள் நோயாகக் கிடந்த வைத்தியசாலையில் உங்களிடம் கெஞ்சினேன். “அந்தக் கப்பல்காரியின் பையன் உயிரோடு இருந்தால் கதைக்கு என்ன குறைந்துபோகும்?” என்று கேட்டேன். நீங்கள் மூச்சுவாங்கியபடியே உங்கள் சின்ன வயதுக் கதையைச் சொன்னீர்கள்.

உலகப் போர்க்காலத்தில், குண்டுக்குப் பயந்து உங்களை ரயிலில் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். உங்களை வைத்திருந்த பெண் ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் தேவாலயத்தால் வரும்போது, “இப்போதுதான் உன் அம்மா தொலைபேசியில் பேசினாள், நல்ல சுகமாம்” என்பாள். அடுத்த ஞாயிறு அம்மாவின் குரலைப் பிடித்துவிடவேண்டும் என்று நீங்கள் ஓடி வருவீர்கள். எப்போதும் கொஞ்சம் பிந்திவிடும். அம்மா குண்டில் செத்து மாதங்கள் ஆகியிருந்தது பிறகுதான் தெரிந்ததாம்.

“அவள் நல்லவள், நேசன். என்னைப் பெற்ற பிள்ளைபோலப் பார்த்தாள். ஆனால் நான் அழவேண்டிய காலம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தேன். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.”

முடிவை மாற்றாதே என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

விளங்கியும் நான் என்ன செய்தேன்? உங்கள் சவப்பெட்டி இருந்த மண்டபத்திலேயே, பூவை வைத்துவிட்டு வந்த பரமேஸ் அக்கா என் கையைப் பிடித்தார். “மனுசன் போயிட்டார். இனி ஆரிட்டைக் கேக்கிறது? எனக்கு மட்டும் சொல்லும் தம்பி. கதையிலை அந்தப் பொடியன் உயிரோட இருக்கிறானோ?”

“ஓம் அக்கா” என்றேன். நீங்கள் அங்கேதான் படுத்திருந்தீர்கள். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்தது?

அடுத்த வாரம் அக்கா கடைக்கு வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்து நான் கண்டதில்லை. கையில் ஒரு பை. மலிவு விற்பனையில் மகனுக்கு வாங்கிய குளிர்ச் சட்டை. “எந்தளவுக்கு வளந்திருப்பான் எண்டு தெரியேல்லை, பெரிசாவே எடுத்திட்டன்” என்றார். பிறகு, “அந்த டெர்மினை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன் தம்பி. கப்பல்காரிக்கே பிள்ளை கிடைக்குது, எனக்குக் கிடையாதே? அவங்கள் தேடுறம் எண்டு வெளிக்கிட்டு, ஒரு கெட்ட சொல்லைக் கொண்டந்து தந்தா நான் என்ன செய்யிறது?”

ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடுவதை நான் நிறுத்தியிருக்கிறேன். அவன் எங்காவது ஒரு முகாமில், யாராவது தேடி வருவார்கள் என்று இருந்தால்? அதைவிட வெட்கம், வீட்டில் என் தட்டச்சு இயந்திரத்தில் பொய் முடிவு பாதி அடித்தபடி இருந்தது. அதைக் கிழித்துப் போடவே எனக்கு இரண்டு வாரம் எடுத்தது.

நேற்று உங்கள் முடிவைத் தமிழாக்கி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். குசினியில் உட்கார்ந்து வாசித்தேன். அந்தக் குரல் பழைய பதிவு என்று தெரிந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். அக்கா, “வாசியும்” என்றார். அந்தத் தாய் வானொலியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கப்பலில் பிறந்த பிள்ளைகளை அருகில் இருத்தித் தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கும் இடம்வரை வாசித்து முடித்தேன்.

“பிறகேன் அண்டைக்கு ஓம் எண்டு சொன்னீர்?”

“உங்கட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல் போச்சுது அக்கா.”

“ஏலாட்டி மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு சொல்லியிருக்கலாமே? நீர் ஆர், என்ரை பிள்ளைக்கு உயிர் குடுக்க?”

வாங்கிக்கட்டினேன். வேண்டியதுதான். அக்கா அழவில்லை. தொலைபேசியை எடுத்து என் முன்னால் வைத்தார். “என்ரை டொச் பாசை காணாது. அந்த அலுவலகத்துக்கு எடுத்துத் திரும்ப ஒரு டெர்மின் கேளும். மொழிபெயர்க்க நீர்தான் வரவேணும்.”

“நானோ அக்கா? வேறை நல்ல ஆக்கள் இருக்கினம்.”

“வேறை ஆக்கள் பொய் சொன்னா எனக்குத் தெரியாது. நீர் பொய் சொன்னா உம்மடை முகம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு இப்ப தெரியும்.”

டெர்மின் வருகிற வாரம். அன்றைக்கு வெறும் பதிவுதானாம், பதில் வர மாதக்கணக்கு ஆகலாமாம். பதில் வருகிற நாளிலும் நான்தான் பக்கத்தில் இருப்பேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சொல்வது முதலில் என் காதில்தான் விழும். அக்கா அவரைப் பார்க்கமாட்டார், என்னைத்தான் பார்ப்பார். அந்த ஒரு நொடிக்குத்தான் இப்போதே பயமாக இருக்கிறது.

உங்களுக்கு இந்த ஒரு வாக்கு மட்டும் தருகிறேன் அண்ணை. அது எந்தச் சொல்லாக இருந்தாலும், அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுவேன்.

இன்னமும் பயந்தபடி,
உங்கள் கூடப்பிறவாத் தம்பி
நேசன்
பேர்லின்