பெஞ்சிலிருந்து பிடித்த வட்டு

பிப்ரவரி 18
இடுப்பு வலி உயிர் போகிறது. பயிற்சியில் எங்கள் கோல்கீப்பர் வில்யாமிக்கு முழங்காலை மடக்கிக் காட்டப் போய், எழ முடியாமல் ஐஸிலேயே கிடந்தேன். இதே ஈசால்மி ஐஸ் ஹாக்கி கிளப்பின் கோல்வலையில் நின்று தேய்ந்த இடுப்பு. இப்போது இங்கேயே கோல்கீப்பர்களின் பயிற்சியாளன். வில்யாமி தூக்கிவிட்டான். "கோச், இந்தப் பாடத்தை மட்டும் நான் கத்துக்க மாட்டேன்!" சிரித்து வைத்தேன்.

மார்ச் 9
நாளை தோற்றால் கீழ் லீகுக்கு இறக்கம். பாதிப் பேருக்குச் சீட்டுக் கிழியும். எனக்குத்தான் முதலில் கிழியும். இதை விட்டால் எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 10
எப்படி எழுதுவேன்.
இரண்டுக்கு இரண்டு. ஆட்டம் முடியப்போகிற நேரம். எங்கள் ஆள் அடித்த ஹாக்கி வட்டு எழும்பி, பெஞ்சை ஒட்டிப் பறந்து வந்தது. என் இடது கை ஐஸைச் சுற்றிய தடுப்புப் பலகையைத் தாண்டி நீண்டு அதைப் பிடித்துவிட்டது. நான் பிடிக்கவில்லை — கைதான் பிடித்தது. பெஞ்சில் இருப்பவன் ஆட்டத்தில் இருக்கும் வட்டைத் தொடலாமா? பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அரங்கமே சிரித்தது. தண்டனையாக இரண்டு நிமிடம் எங்களுக்கு ஓர் ஆள் குறைவு. அதற்குள் எங்கள் வலையில் கோல் விழுந்தது. எங்கள் ஆளின் மட்டையிலேயே பட்டுத் திசை மாறிய வட்டு. கடவுளே வந்து நின்றிருந்தாலும் தடுத்திருக்க முடியாது.
இறங்கிவிட்டோம். என்னால்.

மார்ச் 11
பத்திரிகைக்காரர்களிடம் வில்யாமி சொல்லியிருக்கிறான்: "அது என் கோல். நான் தடுத்திருக்கணும்."
எல்லாக் கோல்கீப்பர்களும் சொல்வதுதான். எவன் தவறினாலும், விழுந்த கோல் நம்முடையது. விளையாடிய காலமெல்லாம் நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்காக ஒருவனும் சொன்னதில்லை. ஏன்டா சொன்னே? யாருடா உன்னைச் சொல்லச் சொன்னா?

மார்ச் 19
மேனேஜர் ஹெய்மோ கூப்பிட்டார். பலிக்கு ஆள் தேடுகிறார்கள்.
"பையனே ஒத்துக்கிட்டானே. அவனை அனுப்பிடுவோம். நீங்க கை நீட்டினது ஏதோ கெட்ட நேரம், ஊரே சிரிச்சு மறந்துடும். நீங்க இருந்து புது கோல்கீப்பரைத் தேடுங்க. என்ன சொல்றீங்க?"
மட்டையில் பட்டதை அவர் கவனிக்கவே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். "சரி" என்றுதான் வந்தது.

மார்ச் 20
தூக்கமில்லை. என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 2
வில்யாமி சாமான்களை எடுக்க வந்தான். வேறு எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லையாம். மாமனாரின் மர அறுவை ஆலைக்குப் போகிறான்.
"கோச், மட்டையில பட்டதை ஹெய்மோகிட்ட சொன்னீங்களா?"
"சொன்னேன்" என்றேன்.
"தெரியும். நீங்க சொல்லியிருப்பீங்க." என்னைக் கட்டிக்கொண்டான்.
பைகளைக் காரில் ஏற்ற உதவினேன்.