ஊஞ்சல் தூணில் கட்டியிருந்த பசு

இன்று காலை பார்க்கில் ஊஞ்சலுக்கு அடிக்க பெயின்ட் டின்னைத் திறந்தார்கள். அந்த வாசம் நாங்கள் தங்கியிருக்கும் கூடாரத்துக்குள் வந்ததும் உங்கள் ஞாபகம்தான் வந்தது. கல்யாணமான புதிதில், பெயின்ட் காயும் முன்பே இதே ஊஞ்சலில் என்னை ஏற்றிவிட்டு மாம்பழக் கலர் சேலையைப் பாழாக்கிய மனிதர் அல்லவா நீங்கள். வீட்டுக்கு ஏறும் பாதை முழுக்க நான் பேசவில்லை. நீங்கள் கடலைச் சுருளை நீட்டிக்கொண்டே வந்தீர்கள். கோபத்தோடே முழுவதையும் தின்று முடித்தேன்.

ஒரே கூரைக்குக் கீழ் ஒட்டிக் கட்டிய லயத்து அறைகளில் புருஷன் பெண்டாட்டி பேச ஏது இடம்? இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் சுடுதண்ணி வேண்டுமா என்று கேட்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து உட்காருவோம். பெரியவர்கள் ஊஞ்சலில் ஏறக்கூடாது என்று பலகை உண்டு. வாச்சர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து என்னை ஏற்றித் தள்ளுவீர்கள். உயரப் போகும்போது, சைப்ரஸ் மரங்களுக்கு மேலே தேயிலைச் சரிவின் நடுவில் நம் லயத்தின் தகரக் கூரை தெரியும்.

"தெரியுதா?" என்றீர்கள் ஒரு நாள்.

"தெரியுது. உங்கம்மா வாசல்ல நிக்கிறாங்க."

"இங்கிட்டுப் பாக்குறாங்களா?"

கேட்டுவிட்டு நிஜமாகவே மரத்துக்குப் பின்னால் ஒளிந்தீர்கள். அவ்வளவுதான் உங்கள் வீரம்.

பிறகு மகள் பிறந்தாள், அவளையும் இங்கேதான் கூட்டி வந்தோம். அதற்குள் டவுன் மாறத் தொடங்கியிருந்தது. விறகு அடுக்கும் மடுவம் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஹோட்டல் வந்தது. அங்கே தங்க வருகிறவர்களின் வேனை நிறுத்த பார்க்கில் பாதியை எடுத்தார்கள். நான் திட்டினேன். "நமக்கு ஒரு ஊஞ்சல் போதும், விடு" என்றீர்கள். எதையும் விட்டுக்கொடுக்கும் குணம் உங்களுக்கு. அது எனக்குப் பிடிக்கவும் செய்தது, எரிச்சலும் மூட்டியது.

அந்தப் பெருமழையில், மலை வெடித்து விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லி லயத்து ஆட்களை இறக்கி பார்க்கின் இந்த மிச்சப் பாதியில்தான் கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு விடியலில் மழை விட்டது. நீங்கள் வாளியைத் தேடினீர்கள்.

"பசு கட்டியே கெடக்கு. மடி கனத்திருக்கும். கறந்துட்டு வந்துர்றேன்."

"போகாதீங்க. மலைய நம்ப முடியாது."

"மழைதான் விட்டிருச்சே. புள்ளைக்கிப் பாலு வேணாமா?"

நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் மலை சரியும் சத்தம் கேட்டது. மரங்களைத் தாண்டி ஓடிப்போய்ப் பார்த்தோம். லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. தோண்டியவர்கள் வாளியை எடுத்தார்கள், உங்களை எடுக்கவில்லை. மறுபடியும் மழை பிடித்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

அன்று மத்தியானம் பசு தானாகவே பார்க்குக்கு இறங்கி வந்தது. கழுத்தில் கயிறு முழுசாகத் தொங்கியது, அறுந்திருக்கவில்லை. முடிச்சை யாரோ அவிழ்த்திருந்தார்கள். யாரோ என்ன, நீங்கள்தான். மடி நிறையப் பால் இருந்தது, கறக்க உட்காரவே இல்லை நீங்கள். மலை அசைவதைப் பார்த்தும் ஓடாமல் முதலில் அதை அவிழ்த்திருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அந்த முடிச்சை அவிழ்த்த நேரம் எனக்கும் பிள்ளைக்கும் சேர வேண்டிய நேரம்.

பசுவைக் கட்ட வேறு இடமில்லாமல் ஊஞ்சல் தூணில் கட்டினேன். கூடாரத்துப் பிள்ளைகள் ஊஞ்சலை மறந்து அதன் பாலைக் குடித்தார்கள்.

இப்போது வெளியூர்க்காரர்கள் வருகிற சீசன் தொடங்குகிறது, பார்க்கைத் திறக்க வேண்டுமாம். மிச்ச லயங்களுக்குப் பயமில்லை, மேலே போய் இருங்கள் என்று அதிகாரி வந்து சொன்னார்.

"அப்படின்னா ஐயா ஒரு ராத்திரி வந்து படுத்துட்டுப் போங்க" என்றேன்.

கினிகத்தேனையில் தம்பி ஒரு அறை தருகிறான். "பசுவ வித்துட்டு வாக்கா, இங்க கட்ட எடமில்ல" என்றான் போனில். அது வராமல் நானும் வரமாட்டேன் என்றேன். பிறகு, "சரி, பின்னால ஒரு கொட்டில் போடுறேன்" என்றான். நாளைக்கு லொறி வருகிறது.

பெயின்ட் அடிக்க வந்தவர், "அக்கா, மாட்ட அவுத்துக்கங்க" என்றார். அவிழ்த்தேன். தூண் காலியானதும் மகள் ஓடி வந்து ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள். அவர் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

"தள்ளும்மா."

"கண்ண மூடிக்கடி" என்றேன்.

அவள் மூடவில்லை. உயரப் போய்த் திரும்பி வந்தாள்.

"அப்பா இருக்கிற எடம் தெரியுதும்மா. இன்னும் ஒசரமாத் தள்ளு."

ஒரு கையில் பசுவின் கயிறு இருந்தது. மறு கையால் தள்ளினேன்.