ஈரச்சுவர்

கொழும்புத்துறை
12.07.2025

அன்புள்ள ஜெறோம் அண்ணைக்கு,

தம்பி லெனாட் எழுதுவது. நாங்கள் இருக்கிறோம், நீங்களும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறோம். போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் நின்று காது கொடுப்பார். அதனால்தான் புளோரன்சுக்குத் திரும்புகிற தனுசியா அக்காவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். மிளகாய்த்தூளும் இருக்கிறது.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். சிற்றாலயத்தில் பீடத்துக்குப் பின்னால் நீங்கள் வந்து படம் கீறப்போகிற சுவரை, அப்பா உயிர்த்த ஞாயிறுக்கு முன்னமே பூசி முடித்துவிட்டார். முழுச்சுவரும், சுண்ணாம்புச் சாந்தால், ஒரே மூச்சில். பூச்சு ஈரமாய் இருக்கேக்கைதான் கீறவேணும் என்று நீங்கள் போனில் சொன்னீர்களாம். அவர் நாற்பது வருட மேசன். ஈரம் என்றால் அவருக்குத் தெரிந்தது சீமெந்துக்குத் தண்ணீர் அடிப்பதுதான். ஆகவே காலையும் பின்னேரமும் வாளியோடு சாரத்தில் ஏறி, நீங்கள் வரும்வரை சுவரைக் காயவிடாமல் வைத்திருக்கிறார். மூன்று மாதமாக.

சுண்ணாம்புச் சாந்து காற்றை வாங்கி இறுகுகிற சாமான். இறுகும்போதுதான் நிறத்தைப் பிடிக்கும். அந்த நாள் போனால் போனதுதான். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றினால் ஈரச்சுவர் கிடைக்கும், ஈரச்சாந்து கிடைக்காது. அந்தக் காலத்து இத்தாலி மேசன், ஓவியர் அன்றைக்குக் கீறக்கூடிய அளவுக்கு மட்டும்தான் பூசிக்கொடுத்தான். இதை அப்பாவுக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினேன். “உன்ரை டிப்ளோமா சீமெந்துக்கு. அவன் அங்கை நேரை பாத்துப் படம் பழகிறவன்” என்றார். சுவரில் இப்போது பாசி.

நீங்கள் சொன்ன கதைகளைக் குறை சொல்லவில்லை. ஐந்நூறு அறுநூறு வருடங்களுக்கு முன் அந்த ஊர்க் கம்பளி வியாபாரிகள் போட்டிக்குக் கோயில் கட்டினதையும், படித்தவர்கள் பழைய ஏடுகளைத் தேடி அலைந்ததையும், ஒரு பொற்கொல்லன் முட்டுக்கொடுக்காமல் செங்கல்லை மீன்முள்ளுப்போல அடுக்கிப் பெரிய குவிமாடம் ஏற்றினதையும் அப்பா தேத்தண்ணிக்கடையில் சொல்லுகிறார். கடலுக்குப் போகிற சிமியோன் அண்ணை, “மீன்முள்ளெண்டால் உவன் எங்கடை ஆள்தான்” என்று சொல்ல, அன்று முழுக்க அப்பாவுக்குச் சிரிப்பு. மேசன் இல்லாமல் அங்கே ஒரு சுவர்ப்படமும் இல்லை என்று நீங்கள் சொன்னதை அவர் ஒருவரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.

தனுசியா அக்கா உங்களை எங்கே கண்டார் என்று எனக்குச் சொன்னார். படம் பழகுகிற பட்டறையில் இல்லை, சாப்பாட்டுக்கடைக் குசினியில். விசா இல்லை, வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றும் சொன்னார். அப்பாவுக்கு நான் சொல்லவில்லை. முதலில் கோபம் வந்தது. பிறகு அதுவும் களைத்துப்போயிற்று. குசினி வேலையும் வேலைதான்.

போன செவ்வாய் அப்பா சாரத்தில் சறுக்கிவிட்டார். முழங்கை உரசலோடு போயிற்று. வயது எழுபத்தொன்று. அடுத்த நாள் விடிய மறுபடி வாளியோடு நிற்கிறார். சாரத்தைக் கழற்றுவோம் என்றேன். “ஜெறோம் சொல்லட்டும்” என்றார். அதற்கு மேல் கதையில்லை.

ஆகவே நீங்கள்தான் சொல்லவேண்டும். வரமுடியாது என்று, நேராக, ஒரு தரம். பூச்சுப் பிழையென்று சொல்லித் தப்பவேண்டாம். கொத்திக் கொட்டிவிட்டு முதலிலிருந்து பூசத் தொடங்கிவிடுவார். நீங்கள் சொன்ன பிறகு நடப்பதை நான் பார்த்துக்கொள்ளுகிறேன். அவர் அழுதாலும் பக்கத்தில் நான் நிற்பேன்.

ஆண்டவர் உங்களுக்கு வாய்திறக்கிற தைரியத்தைத் தரட்டும். அடுப்படியில் கை கவனம், அண்ணை.

உங்கள் தம்பி,
லெனாட்