தூங்காதே பாலகனே

ராஜபாளையம்
12.11.2024

அன்பு மகன் எட்வினுக்கு அம்மா தங்கபாய் எழுதுவது.

நானும் உன் பெண்டாட்டி விஜியும் சுகம். சுகம் என்றது பாதிப் பொய். என் தொண்டைக் கட்டியை உடனே எடுக்க வேண்டுமாம். எடுத்தால் குரல் போகலாமாம். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தேன். விஜி அன்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் விடியற்காலையில் சர்ச் வாசலில் நான் எழுதிய 'தூங்காதே பாலகனே' பாட்டை நானே தொடங்குகிறேன். அதை நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை ராசா. அங்கே பனி விழுகிறதா? கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்.

அம்மா

* * *

எல்லை முகாம்
25.11.2024

அன்புள்ள அம்மா,

இங்கே டவர் இல்லை. இருந்தால் போனிலேயே சண்டை போட்டிருப்பேன். உங்கள் பாட்டு இப்போது தமிழ்நாடு முழுக்க ஓடுகிறது. எழுதியது யாரென்று தெரியாதவர்களும் பாடுகிறார்கள். ஒரு வருஷம் வேறு யாராவது தொடங்கினால் என்ன? துப்பாக்கிக்குப் பயப்படாதவன், உங்கள் கட்டிக்குப் பயப்படுகிறேன். எனக்கு இருப்பது ஒரே அம்மா.

எட்வின்

* * *

ராஜபாளையம்
8.12.2024

என் ராசாவுக்கு,

'தூங்காதே பாலகனே, கண் மூடாதே.' விழித்திருக்கும் இரட்சகர் என்று போதகர்மார் இதற்கு என்னென்னவோ பிரசங்கம் பண்ணுகிறார்கள். அந்தப் பாலகன் நீதாம்லே.

உனக்கு ரெண்டு வயசு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், மகாராஜபுரம் பருத்திக் காட்டில் உன்னை விரியன் கடித்துவிட்டது. வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். "ஏட்டி, பிள்ளையத் தூங்க மட்டும் விட்டுராத" என்று பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் கத்தினாள். உன் கன்னத்தில் தட்டித் தட்டி, வாய்க்கு வந்ததைப் பாடினேன். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது உன் தலை தொங்கிவிட்டது. அப்போதுதான் பொருத்தனை பண்ணினேன். இவன் பிழைத்தால், சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இந்தப் பாட்டை என் வாயால் தொடங்குவேன் என்று. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நீ கண் விழித்தாய்.

கர்த்தருக்குக் கொடுத்த வாக்கு. தவறினால் உனக்கு என்ன ஆகுமோ! ஆனால் விஜி காலைப் பிடித்து அழுகிறாள். "அத்தை, அவுக வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம். அவள் அழுகையைப் பார்க்க முடியாமல் நாளை ஆஸ்பத்திரியில் சேர்கிறேன்.

அம்மா

* * *

ராஜபாளையம்
26.12.2024

எட்வின்,

ஆபரேஷன் முடிந்தது. நேற்று விடியற்காலை சர்ச் வாசலில் எல்லோரும் என் முகத்தையே பார்த்து நின்றார்கள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பிறகு நம்ம சர்ச் பாடகர் குழுவில் இருக்கிற பியூலா தொடங்கினாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

உன் பக்கம் பனி சரிந்ததாக டிவியில் சொல்கிறார்கள். வாக்குத் தவறியது நான், தண்டனை உனக்கா? ஒரே ஒரு வரி எழுதிப் போடு ராசா.

அம்மா

* * *

ராணுவ ஆஸ்பத்திரி
29.12.2024

அம்மா,

விஜியிடம் போனில் பேசினேன், சர்ச் வாசலில் நடந்ததைச் சொன்னாள். பக்கத்தில் நீங்கள் மூச்சு வாங்கியது கேட்டது. மீதியை எழுதுகிறேன்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் நானும் முகாமில் என் கூட்டாளி ஐயாதுரையும் பனிக்கடியில் மாட்டிக்கொண்டோம். குளிரில் அவனுக்குக் கண் சொக்கியது. தூங்கினால் எழுந்திருக்க மாட்டான். எனக்கும் பயத்தில் வாய் குழறியது. அப்போது உங்கள் கடிதம் நினைவுக்கு வந்தது. அவன் கன்னத்தில் தட்டித் தட்டி விடியும்வரை உங்கள் பாட்டையே பாடினேன். காலையில் எங்களைத் தோண்டி எடுத்தார்கள். "ஏலே, கிறிஸ்துமஸ் முடிஞ்சிட்டுல்லா, இனிமே செத்த நேரம் தூங்கலாமா?" என்கிறான் அவன்.

நீங்கள் வாக்குத் தவறவில்லை அம்மா. ஊரில் பியூலா தொடங்கும் முன்பே இங்கே பாட்டு தொடங்கிவிட்டது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு லீவில் வருவேன். சர்ச் வாசலில் என் கன்னத்தில் தட்டுங்கள், நான் பாடுகிறேன்.

எட்வின்